நூற்று முப்பத்திரண்டில் நின்ற மீட்டர்

எண் நூற்று முப்பத்திரண்டுக்கு வந்து நின்றுவிட்டது.

செண்பகராஜ் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தான். அதே எண். எதிரே அடுப்பின் மேல் கொப்பரை நிறைய வெல்லப்பாகு பொங்கிப் பொங்கி அடங்கியது. பூவனநாதன் இடுப்பில் துண்டை இறுக்கிக் கட்டி, ஆளுயரத் துடுப்பால் அதைக் கிண்டிக்கொண்டிருந்தார். கடலைமிட்டாய்க் கம்பெனிக்கு அவர் முதலாளி. ஆனாலும் பாகு கிண்டும் துடுப்பை இதுவரை இன்னொருவர் கையில் கொடுத்ததில்லை.

“தம்பி, பதம் வந்துட்டு. இறக்கப் போறேன். ஒம்ம மீட்டரு என்ன சொல்லுது?”

“நூத்தி முப்பத்திரெண்டு, அண்ணாச்சி.”

“நேத்தும் அதத்தான சொல்லிச்சு?”

முந்தாநாளும் அதைத்தான் சொன்னது. செண்பகராஜ் அதை அவரிடம் சொல்லவில்லை.

சுவரில் இருந்த சின்ன ஜன்னலில் சாம்பல் படிந்த ஒரு முகம் தெரிந்தது. புகையும் கரியும் உள்ளே வரக் கூடாதென்று அந்தக் கம்பெனியில் அடுப்பின் வாயைச் சுவருக்கு அந்தப் பக்கம் வைத்துக் கட்டியிருந்தார்கள். வெளியே கொட்டகையில் உட்கார்ந்து வேலிக்கருவை விறகைத் தள்ளுவது பெத்தம்மாளின் வேலை. ஒரு கொப்பரைப் பாகு ஒரு ஈடு; ஈட்டுக்கு ஒரு தடவை ஜன்னலில் முகம் காட்டி ஒரு செம்பு தண்ணீர் கேட்பாள். யாராவது கொடுப்பார்கள். முகம் மறைந்துவிடும்.

தூத்துக்குடியில் இருந்து கப்பலில் சரக்கு அனுப்பும் ஒரு நிறுவனம் பூவனநாதனின் கடலைமிட்டாயை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. ஒரே ஒரு நிபந்தனை. ஒவ்வொரு ஈட்டுப் பாகும் எத்தனை டிகிரியில் இறக்கப்பட்டது என்று பதிவாக வேண்டும். எழுதிக் காட்டும் விதத்துக்கு ஒரு தாளும் அனுப்பியிருந்தார்கள். அதன் முதல் வரியில் ‘145’ என்று அச்சாகியிருந்தது. பூவனநாதன் அந்த எண்ணுக்குக் கீழே சிவப்பு மையால் இரண்டு கோடு போட்டுத் தாளைச் சுவரில் ஒட்டிவிட்டார். அடுத்த வியாழக்கிழமை அதிகாரி நேரில் வருவதாக இருந்தது. இன்று வெள்ளிக்கிழமை.

மீட்டர் செய்து தரும் பொறுப்பு செண்பகராஜுடையது. எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா முடித்தவன். மார்க்கெட் பக்கத்தில் மிக்சியும் இன்வெர்ட்டர் போர்டும் பழுது பார்க்கும் சிறிய கடை. இந்த மீட்டர் தேறினால் இங்கே இருக்கும் நாலு அடுப்புக்கும், அப்புறம் ஊரில் இருக்கும் மற்ற கம்பெனிகளுக்கும் அவன்தான் செய்வான். தேறாவிட்டால் ஓசூர். அங்கே மைத்துனன் பார்த்துவைத்த வேலை காத்திருந்தது. வியாழனுக்கு அடுத்து வரும் திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும். நியமனக் கடிதத்தை அவன் மனைவி சுகுணா உப்பு ஜாடிக்கு அடியில் வைத்திருந்தாள். சாப்பிட உட்கார்ந்தால் கண்ணில் படாமல் இருக்காது.

“வியாழக்கெழம வரைக்கும் மீட்டரு. அதுக்குப் பெறகு லெட்டரு,” என்று அவள் தீர்ப்பு சொல்லியிருந்தாள்.

அன்று சாப்பிடும்போது செண்பகராஜ் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். ரசம் ஊற்றும் கட்டத்தில் அவனாகவே ஆரம்பித்தான். ஐஸ் தண்ணீரில் விட்டால் மீட்டர் சரியாகப் பூஜ்யம் காட்டுகிறது. கொதிக்கும் தண்ணீரில் சரியாக நூறு. பாகில் மட்டும் நூற்று முப்பத்திரண்டுக்கு மேல் ஏற மாட்டேன் என்கிறது. கீழே எல்லாம் சரி, மேலே போனால் முட்டுகிறது என்றால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் உண்டு. ஆப்-ஆம்ப் போதவில்லை.

சுகுணா அங்கன்வாடி ஆசிரியை. எதையும் கதையாகச் சொன்னால்தான் அவளுக்குப் பிடிக்கும். அதனால் அவன் கல்யாணப் பந்தியை எடுத்துக்கொண்டான். பாகில் முங்கிக் கிடக்கும் சென்சார் ரொம்பச் சின்னதாக ஒரு மின்னழுத்தம் தரும். அதை வாங்கிப் பெரிதாக்கிப் பரிமாறுகிறவன் ஆப்-ஆம்ப். பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு, ‘இவ்வளவு வந்தது’ என்று எண்ணாகச் சொல்லுகிறவன் ஏ.டி.சி. பரிமாறுகிறவனுக்குக் கை எட்டவில்லையென்றால் பந்தியில் இருப்பவன் குறைவாகத்தானே சொல்லுவான். ஐந்து வோல்ட் கொடுத்தால் இந்த ஆப்-ஆம்ப் மூன்று புள்ளி மூன்றுக்கு மேல் தூக்காது. அவன் கணக்கில் நூற்று முப்பத்திரண்டு டிகிரி என்பதும் அதே மூன்று புள்ளி மூன்று. அங்கேதான் தலை முட்டுகிறது.

“அப்போ எட்டாத ஆளப் பரிமாற விட்டுருக்கீங்க,” என்றாள் சுகுணா.

“ஆமா.”

“நாளைக்கு சாயங்காலம் பஜ்ஜி போடுதேன். அந்த எண்ணெயில ஒருதரம் முக்கிப் பாருங்களேன், மேல ஏறுதான்னு.”

செண்பகராஜ் சிரித்தான். “பஜ்ஜி எண்ணெயும் பாகும் ஒண்ணா?”

சுகுணா பதில் சொல்லாமல் அப்பளத்தை எடுத்து இலையில் வைத்தாள். அந்த வீட்டில் அவள் பேச்சைவிட அவள் பேசாமல் இருப்பதற்குத்தான் அதிகம் யோசிக்க வேண்டியிருக்கும். அன்று அவன் யோசிக்கவில்லை.

திங்கட்கிழமை கூரியரில் புது ஆப்-ஆம்ப் வந்தது. கொடுத்த ஐந்து வோல்ட்டையும் அப்படியே மேலே வரை தூக்கக்கூடிய ரகம். செண்பகராஜ் அதைப் புதிய போர்டு ஒன்றில் பொருத்தி எடுத்துக்கொண்டு கம்பெனிக்குப் போனான். பாகு ஏறியது. நூறு, நூற்றுப் பத்து, நூற்று இருபத்தைந்து. அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டான். நூற்று முப்பத்திரண்டு.

நின்றுவிட்டது.

ஒரு எண் இப்படி அசையாமல் நின்று ஒருவனைப் பார்ப்பது, வாய் திறந்து திட்டுவதைவிட மோசமானது. செண்பகராஜ் சாக்கு மூட்டை மேல் உட்கார்ந்து வெகுநேரம் அதைத் திருப்பிப் பார்த்தான். பிறகு அவனுக்கு வெளிச்சமானது. கை எட்டுகிறது, சரி. கையில் வலு இருக்கிறதா? ஏ.டி.சி. நிதானமாகச் சாப்பிடுகிற ஆள் இல்லை. நொடிக்கு ஆயிரம் தடவை வாயைத் திறந்து ஒவ்வொரு தடவையும் ஒரு மடக்கு குடிக்கிறது. அடுத்த மடக்குக்குள் ஆப்-ஆம்ப் நிரப்ப வேண்டும். நிரப்ப முடியாமல் திணறுகிறது. அதற்கு வைத்தியம் எளிது. ஏ.டி.சி.யின் வாசலில் ஒரு பெரிய கெப்பாசிட்டர், தண்ணீர்த் தொட்டி மாதிரி. அதிலிருந்து அது எவ்வளவு வேண்டுமானாலும் குடித்துக்கொள்ளட்டும்.

செவ்வாய்க்கிழமை காலை தொட்டியை வைத்தான்.

வலு குறைந்த ஆளின் தலையில் தொட்டியைத் தூக்கி வைத்தால் ஆள் தள்ளாடுவான் என்பதை அவன் மறந்திருந்தான். மீட்டர் தொண்ணூற்றேழு என்றது. நூற்று அறுபத்தெட்டு என்றது. நாற்பத்தொன்று, நூற்று ஐம்பது, எழுபது. நூற்று நாற்பத்தைந்தைத் தொட்டால் கத்த வேண்டும் என்று ஒரு பஸ்ஸரையும் அவன் அதில் கோத்திருந்தான். அது நொடிக்கு ஒரு தடவை கத்தியது.

ஜன்னலில் பெத்தம்மாளின் முகம் வந்தது. “என்ன தம்பி, உள்ள பச்சப்புள்ள அழுவுது?”

உருண்டை பிடிக்கும் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பூவனநாதன் முப்பது வருஷமாக அமைதியில் பாகு கிண்டிப் பழகியவர். பஸ்ஸர் சத்தத்தில் அவர் துடுப்பை நிறுத்தினார். மிஷின் சொல்லிவிட்டதே என்று கொப்பரையை இறக்கச் சொல்லிவிட்டார்.

“என்ன, இன்னைக்கு இத்தன சீக்கிரமா இறக்கிட்டிய?” என்றாள் ஜன்னலில் இருந்த பெத்தம்மாள். “எனக்கு இன்னும் வேல முடியலையே.”

பெண்கள் பாகைத் தட்டில் கொட்டினார்கள். அந்த ஈட்டுக் கடலைமிட்டாய் மிட்டாயாக வரவில்லை. தட்டை விட்டுக் கிளம்ப மறுத்தது, பிய்த்தால் அரை முழம் நீண்டது. வாயில் போட்ட ஒரு பெண் மத்தியானம் வரை யாரோடும் பேச முடியாமல் இருந்தாள். அந்தப் பக்கம் அவ்வளவு அமைதி நிலவியதே இல்லை என்று மற்றவர்கள் செண்பகராஜுக்கு நன்றி சொன்னார்கள்.

மத்தியானம் அவன் ஆப்-ஆம்புக்கும் தொட்டிக்கும் நடுவில் சின்னதாக ஒரு ரெசிஸ்டரைப் போட்டான். தள்ளாட்டம் நின்றது. எண்கள் அடங்கின. ஒவ்வொன்றாக ஏறின. நூற்று முப்பத்திரண்டில் வந்து உட்கார்ந்தன.

“அண்ணாச்சி, ஒரு உதவி,” என்றான் செண்பகராஜ். “பதம் வந்தாலும் இறக்காதீங்க. பத்து நிமிசம் கூட அடுப்புலயே வச்சுக் கிண்டுங்க. மேல ஏறுதா இல்லையான்னு பாத்துரலாம்.”

“பாகு கருகிப்போவும், தம்பி.”

“ஒரு ஈடுதான அண்ணாச்சி. போனாப் போவுது.”

பூவனநாதன் பெருமூச்சு விட்டுக் கிண்டினார். செண்பகராஜ் கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு நின்றான். ஐந்து நிமிடம். நூற்று முப்பத்திரண்டு. எட்டு நிமிடம். நூற்று முப்பத்திரண்டு. பத்து நிமிடம் முடிந்தபோது அவனுக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. எரிகிற அடுப்பில் பத்து நிமிடம் இருந்தும் ஒரு டிகிரி ஏறாத பாகு உலகத்தில் கிடையாது. குற்றவாளி ஆப்-ஆம்ப்தான்.

அந்த ஈட்டு மிட்டாய் கொஞ்சம் கூடுதலாக மொறுமொறுத்தது. அவ்வளவுதான். பூவனநாதன் ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டுத் தன் வலது கையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“பத்து நிமிசம் கூட வச்சும் கருகல பாத்தீரா? கையி, தம்பி. எல்லாம் கையி.”

சாயங்காலம் செண்பகராஜ் இதை வீட்டில் சொன்னபோது சுகுணா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். “பத்து நிமிசம் கூட எரிஞ்சும் கருகலையா?” என்று கேட்டாள். அண்ணாச்சியின் கை அப்படி என்று அவன் விளக்கினான். அவள் கீரைத் தண்டைப் பார்த்தபடி, “அப்படியும் ஒரு கையா,” என்று மட்டும் சொன்னாள்.

புதன்கிழமை கடைசி ஆயுதத்தை எடுத்தான். இந்த ஆப்-ஆம்புக்கு ஐந்து வோல்ட் போதாது, பன்னிரண்டு கொடுப்போம். பன்னிரண்டு கொடுத்தால் எந்தச் சோம்பேறியும் எழுந்து நிற்பான். பைக் பேட்டரி ஒன்றைக் கொண்டுவந்து கோத்தான்.

ஆப்-ஆம்ப் எழுந்து நின்றது. அதற்கு வந்த வலுவை எங்கே காட்டுவது என்று தெரியாமல் அத்தனையையும் ஏ.டி.சி.யின் வாயில் ஊற்றியது. ஏ.டி.சி. ஐந்துக்கு மேல் தாங்காத ஜென்மம். டப் என்று ஒரு சின்னச் சத்தம். மீட்டர் பெட்டியில் இருந்து நூலாக ஒரு புகை எழுந்தது. மூன்று பூஜ்யங்கள் எரிந்தன. பிறகு அவையும் அணைந்தன.

பூவனநாதன் பாகைப் பயத்துடன் முகர்ந்து பார்த்தார். அதற்குள் ஜன்னலில் முகம் வந்துவிட்டது.

“பாகு இல்ல,” என்றாள் பெத்தம்மாள். “வேற என்னமோ கருகுது.” ஒரு செம்பு தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விட்டாள்.

செண்பகராஜிடம் இப்போது மிஞ்சியிருந்தது ஒன்றுதான். முதன்முதலில் செய்து ‘போதாது’ என்று மேஜை இழுப்பறைக்குள் தள்ளிவிட்ட பழைய போர்டு. பழைய ஆப்-ஆம்ப், பழைய ஏ.டி.சி. வேறொன்று வரவழைக்க நாள் இல்லை. அதையே பெட்டிக்குள் வைத்துத் திருகினான். வீட்டுக்குப் போனதும் பரணில் இருந்து சூட்கேஸை இறக்கித் தூசி தட்டினான். சுகுணா ஏன் என்று கேட்கவில்லை. சட்டைகளுக்கு மட்டும் இஸ்திரி போட்டு வைத்தாள்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு அதிகாரி வந்தாள். அப்சானா என்று பெயர். முப்பது வயதுக்குள் இருக்கும். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, தலையில் வலைத்தொப்பி மாட்டிக்கொண்டு நேராக அடுப்பங்கரைக்கு வந்துவிட்டாள். பூவனநாதன் மூன்று தடவை வணக்கம் சொன்னார். அவள் முதலில் ஒரு பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்க வைக்கச் சொல்லி அதில் மீட்டரின் சென்சாரை விட்டாள். நூறு. தலையை ஆட்டிக் குறித்துக்கொண்டாள்.

பிறகு பாகு ஏறியது. துடுப்பு கொப்பரையில் உரசும் சத்தம் மட்டும் கேட்டது. நூற்றுப் பத்து. நூற்று இருபது. செண்பகராஜ் கண்ணை மூடிக்கொண்டு, ஓசூரில் குளிர் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தான். துடுப்பின் சத்தம் கனத்தது. கண்ணைத் திறந்தபோது நூற்று முப்பத்திரண்டு அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஒரு நிமிடம் பொறுத்தான். இரண்டு நிமிடம். அதற்கு மேல் அவனால் முடியவில்லை.

“மேடம், உண்மையச் சொல்லிருதேன். இதுக்கு மேல இது ஏறாது. பாகு மேலதான் இருக்கு. ஆப்-ஆம்புக்கு வலு பத்தல. மேல எட்டல, ஏ.டி.சி.க்கு ஊட்ட முடியல. ஒரு வாரமாப் பாத்துட்டேன்.”

துடுப்பு நின்றுவிட்டது. அப்சானா தன் பையைத் திறந்து நீளக் கம்பி வைத்த ஒரு தெர்மாமீட்டரை எடுத்தாள். நல்ல தெர்மாமீட்டர், உறையும் முத்திரையும் இருந்தன. கம்பியைப் பாகுக்குள் விட்டுப் பிடித்தாள். பார்த்தாள். செண்பகராஜிடம் திருப்பிக் காட்டினாள்.

நூற்று முப்பத்திரண்டு.

செண்பகராஜ் அதையும் தன் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தான்.

“மேடம், உங்க மீட்டர்லயும் அதே ஆப்-ஆம்ப்தானா?” என்றான்.

அப்சானாவுக்கு வந்த சிரிப்பில் வலைத்தொப்பி நழுவியது. மீட்டர் சரியாகத்தான் இருக்கிறது என்று அவள் சொன்னாள். செண்பகராஜ் நம்பாமல் சுவரில் ஒட்டியிருந்த தாளையும் அதில் இருந்த இரண்டு சிவப்புக் கோடுகளையும் காட்டினான். அவள் கிட்டே போய்ப் படித்துவிட்டு இன்னும் சிரித்தாள். அது வேறொரு ஊரில் சீனிப்பாகில் மிட்டாய் செய்கிறவர்களுடையதாம். எப்படி எழுத வேண்டும் என்று காட்ட மாதிரிக்கு அனுப்பியதாம்.

“உங்க வெல்லத்துக்கு உங்க பதம்,” என்றாள். “எத்தனைங்கிறது எங்களுக்கு முக்கியமில்ல. ஒவ்வொரு ஈட்டுக்கும் ஒரே எண் வரணும், அந்த எண்ணு உண்மையா இருக்கணும். ஒரு வாரமா மாறாம வந்திருக்குன்னு நீங்களே சொல்லுதீங்களே. இதுக்கு மேல என்ன வேணும்?”

கையெழுத்துப் போட்டாள். நாலு அடுப்புக்கும் இதே மீட்டரை வைக்கச் சொல்லிப் பூவனநாதனிடம் சொல்லிவிட்டு, ஒரு உருண்டையைக் கடித்துக்கொண்டே வண்டி ஏறினாள்.

செண்பகராஜ் முற்றத்தில் போய் நின்று சுகுணாவுக்குப் போன் போட்டான். விஷயத்தைச் சொல்லி, உப்பு ஜாடிக்கு அடியில் இருக்கும் கடிதத்தை எடுத்துவிடு என்றான்.

“அத சனிக்கெழமையே எடுத்துட்டேன்,” என்றாள் சுகுணா. “பஜ்ஜியப் பொரிச்சு அது மேலதான் எண்ணெ வடிய வச்சேன். ஜாடிக்கு அடியில இருந்தது கரண்ட் பில்லு.”

உள்ளே திரும்பி வந்தபோது பூவனநாதன் எல்லோருக்கும் டீ சொல்லியிருந்தார். உருண்டை பிடிக்கும் பெண்கள் பஸ்ஸரைப் போலக் கத்திக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். செண்பகராஜும் சிரித்தான். டீயை ஒரு மடக்குக் குடித்தான். அப்புறம் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டான். மீட்டர் சரி. முதல் நாளிலிருந்தே சரி. அப்படியென்றால் செவ்வாய்க்கிழமை?

“அண்ணாச்சி,” என்றான் மெதுவாக. “அன்னைக்குப் பத்து நிமிசம் கூட அடுப்புலயே வச்சிருந்தோமே. மீட்டரு பொய் சொல்லலைன்னா, பாகு நெசமாவே ஒரு டிகிரி கூட ஏறாம நின்னுருக்கு. அது எப்படி?”

பூவனநாதன் இதைத்தான் எதிர்பார்த்திருந்தவர்போல டம்ளரைக் கீழே வைத்தார். துண்டால் வலது கையைத் துடைத்தார். எல்லோரும் பார்க்கும்படி உயர்த்திக் காட்டினார்.

“கையி,” என்றார்.

செண்பகராஜ் அந்தக் கையைப் பார்த்தான். பெண்களும் பார்த்தார்கள். 

ஜன்னலில் சாம்பல் படிந்த முகம் வந்தது. செம்பை உள்ளே நீட்டிக்கொண்டே பெத்தம்மாள் சொன்னாள்:

“தீயே இல்லாத அடுப்புல எப்படித் தம்பி ஏறும்? துடுப்புச் சத்தம் கனத்துட்டுன்னா வெறகு பூராத்தையும் நான் வெளிய இழுத்துப் போட்டுருவேன்லா, பதினெட்டு வருசமா.”